தன்னைத் தூய்மை செய்யும் சிமெண்ட்

வெயிலையும் மழையையும் கொண்டு, தன்மேல் படியும் அழுக்கைத் தானே குறைத்துக்கொள்ளும் சிமெண்ட் ஒன்று உண்டு. இதன் அறிவியல் ஜப்பானில் பிறந்தது. கழிவுப் பொருளோடு சேர்ந்து கட்டடமாக எழுந்தது இத்தாலியில்.

1967இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் கெனிச்சி ஹோண்டாவிடம் ஆராய்ச்சி மாணவராக இருந்தவர் அகிரா புஜிஷிமா. நீருக்குள் வைத்த டைட்டானியம் டை ஆக்சைடு படிகத்தின்மீது ஒளி பாய்ச்சியபோது, நீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிவதை அவர் கண்டார். 1972இல் 'நேச்சர்' இதழ் இதை வெளியிட்டது. இந்த டைட்டானியம் டை ஆக்சைடு புதுமையான பொருள் அன்று. வெள்ளைப் பெயிண்டில் இருப்பது இதுவே. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் எடுக்கப்படும் இல்மனைட்டும் இதற்கான தாதுதான்.

இதைச் சிமெண்டில் கலந்தால் என்ன நிகழ்கிறது? வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டதும், காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஈரமும் சுவரின் மேற்பரப்பில் வேதிவினைத் திறன் மிக்க துகள்களாக மாறுகின்றன. அவை எண்ணெய்ப் பிசுக்கையும் புகைக்கரியையும் சிதைக்கின்றன. அத்தகைய பரப்பில் மழைநீர் துளித்துளியாக நிற்காது. மெல்லிய படலமாகப் பரவி, சிதைந்த அழுக்கை இழுத்துச் செல்லும். டைட்டானியம் டை ஆக்சைடு வினையூக்கி மட்டுமே. வினையில் அது தீர்ந்துபோவதில்லை.

இத்தாலியின் இத்தால்செமெந்தி நிறுவனத்தில் லூயிஜி காசார் தலைமையிலான வேதியியலாளர்கள் இத்தகைய வெண்சிமெண்டை உருவாக்கினர். ரிச்சர்ட் மேயர் வடிவமைத்து 2003இல் ரோமில் திறக்கப்பட்ட ஜூபிலி தேவாலயத்தின், பாய்மரப் பாய் போன்ற மூன்று வளைந்த சுவர்கள் அதனால் ஆனவை.

கழிவு இக்கதைக்குள் வருவது கராரா வழியாக. மைக்கேலாஞ்சலோ சிற்பக்கல் தேடிச் சென்ற அந்த மலைகளில், பாளமாக விற்பனைக்குப் போகும் பளிங்கைவிட உடைந்து ஒதுக்கப்படுவது அதிகம். கல்லறுக்கும்போது வெளியேறும் நுண்தூள் சேற்றுக்கு அவ்வூர் மக்கள் 'மர்மெத்தோலா' என்று பெயரிட்டுள்ளனர். மழைக்காலத்தில் அது ஓடைகளையும் கர்ரியோனே ஆற்றையும் பாலாக வெளுக்கச் செய்கிறது; பார்க்க அழகாக இருந்தாலும், ஆற்றின் அடியில் வாழும் சிற்றுயிர்களை அது மூடிவிடுகிறது. 2015இல் மிலான் உலகக் கண்காட்சிக்காக எழுந்த 'பலாசோ இத்தாலியா' கட்டடத்தின் 700க்கும் மேற்பட்ட வெளிப்புறப் பலகைகளில், சிமெண்டுடன் சேர்த்த கல் கலவையில் 80 விழுக்காடு மறுசுழற்சிப் பொருள். அதில் ஒரு பகுதி கராரா பளிங்குத் துண்டுகள்.

மாணவர்கள் இங்கே ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். பளிங்குக் கழிவு சுவருக்கு உடலையும் வெண்மையையும் மட்டுமே தருகிறது. அழுக்கை நீக்குவது டைட்டானியம் டை ஆக்சைடு. "கழிவே சுவரைக் கழுவுகிறது" என்று எழுதுவது பிழை. அழுக்கு நீங்குவதற்கும் எல்லை உண்டு. வெயில் படாத பக்கங்களில் வினை மந்தமாகும். துருக்கறை போன்ற கனிமக் கறைகளை அது சிதைக்காது. ரோம் தேவாலயத்தின் வெண்பாய்களிலும் நிறமாற்றமும் கறைகளும் தோன்றியதைப் பிற்கால ஆய்வுகள் பதிவு செய்துள்ளன.