ஸ்டீல் தொட்டியா, பிளாஸ்டிக் தொட்டியா? ஒரு துறைமுக ஊரின் குளியல் கதை

எங்கட வீட்டுக் குளியலறையை இந்த வருசம்தான் திருத்திக் கட்டினோம். காசு கனடாவில இருக்கிற பெரிய மாமா அனுப்பினது. காசோட ஒரு விருப்பமும் வந்தது. "பாத்டப் ஒண்டு கட்டாயம் போடுங்கோ. அம்மா இந்த வயசிலயாவது சுடுதண்ணியில ஆறுதலாப் படுத்துக் குளிக்கட்டும்."

ஸ்டீலா பிளாஸ்டிக்கா எண்டதை மட்டும் எங்களிட்ட விட்டிட்டார். அப்பா ஸ்டீல் கட்சி. தம்பி பிளாஸ்டிக் கட்சி. நான் வரலாறு படிக்கிறபடியால் "நீ தேடிப் பார்த்துச் சொல்லு" எண்டு பொறுப்பு என்ட தலையில விழுந்தது. தேடத் தேட, ரெண்டு தொட்டியின்ட கதையும் சுத்திச் சுத்தி எங்கட துறைமுகத்துக்கே வந்து சேர்ந்தது.

முதலில் ஸ்டீல். கடையில் ஸ்டீல் தொட்டி என்று சொல்வது வெறும் ஸ்டீல் இல்லை. தகட்டை அச்சில் அழுத்தித் தொட்டியாக்கி, அதன்மேல் கண்ணாடித் தூளைப் பூசி, 800 பாகை செல்சியசுக்குக் கிட்டிய சூட்டில் உருக்கி ஒட்டவைக்கிறார்கள். அந்தக் கண்ணாடித் தோல்தான் எனாமல். அம்மம்மா தேத்தண்ணி குடிக்கிற பழைய எனாமல் கோப்பையும் இதே வேலைப்பாடுதான்.

இதற்கு மூத்த அண்ணன் வார்ப்பிரும்புத் தொட்டி. அமெரிக்காவின் விஸ்கொன்சினில் ஜோன் மைக்கல் கோலர் என்பவர் பண்ணைகளுக்கு இரும்புச் சாமான்கள் செய்து விற்றுவந்தார். 1883இல், குதிரை தண்ணீர் குடிக்கவும் பன்றியைச் சுடுநீரில் தோய்க்கவும் பயன்பட்ட தொட்டிக்கு எனாமல் பூசினார். நாலு கால் வைத்தால் இதிலே மனிசரும் குளிக்கலாம் என்று விற்றார். உலகம் முழுக்கப் பணக்கார வீடுகளுக்குப் போன தொட்டியின் பூர்வீகம் மாட்டுத் தொழுவம் மாதிரி ஒரு இடம்தான்.

பிரித்தானியர் திருகோணமலையை 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து பிடித்தார்கள். கடற்படைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தது 1957இல். இடையில் 160 வருசத்துக்கு மேல். அம்மம்மாவின்ட அப்பா டொக்யார்ட்டில கூலி வேலை செய்தவர். ஒரு அதிகாரியின்ட பங்களாவில வெள்ளைத் தொட்டி இருந்ததாம். குசினியில காய்ச்சின சுடுதண்ணியை வாளி வாளியாக் காவிக்கொண்டுபோய் அதுக்குள்ள ஊத்துறதும் அவரின்ட வேலையில ஒண்டு. அதே தொட்டிக்குள்ள ஒருநாளும் அவர் இறங்கினதில்லை.

இனிப் பிளாஸ்டிக். தொட்டி செய்கிற பிளாஸ்டிக்கின் பெயர் அக்ரிலிக். 1930களில் பிரித்தானியாவில் ஐ.சி.ஐ. கம்பனி இதைப் 'பெர்ஸ்பெக்ஸ்' என்ற பெயரில் கண்ணாடி மாதிரித் தகடாகச் செய்தது. அடித்தால் கூர்த்துண்டுகளாகச் சிதறாது, பாரமும் குறைவு. அதனால் யுத்தம் வந்ததும் போர் விமானங்களில் விமானியின் தலைக்கு மேலுள்ள மூடிக்குப் போனது.

1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தபின் திருகோணமலையின் பெறுமதி இரட்டிப்பானது. ஏப்ரல் 9 காலையில் யப்பானிய விமானங்கள் துறைமுகத்தின்மேல் குண்டு போட்டன. சீனன்குடாவிலிருந்து 261ஆம் படையணியின் ஹரிக்கேன் விமானங்கள் எழும்பி அடிபட்டன. அவற்றின் மூடிகளில் இருந்தது இந்தப் பெர்ஸ்பெக்ஸ். கீழே பிரித்தானியர் கட்டிய ஸ்டீல் எண்ணெய்க் குதங்களில் ஒன்று எரிந்தது. அப்ப அம்மம்மா கைக்குழந்தை. அவவைத் தூக்கிக்கொண்டு அவவின்ட அம்மா ஊரைவிட்டு ஓடினவ. இண்டைக்கு நாங்கள் கடையில நிண்டு விலை கேக்கிற ரெண்டு சாமானும் அண்டைக்கு ஒண்டு வானத்தில, மற்றது தரையில.

யுத்தம் முடிய விமான மூடிக்கு ஓடர் இல்லை. பெர்ஸ்பெக்ஸ் விளம்பரப் பலகைக்கும் விளக்குக்கும் போனது. 1960களுக்குப் பிறகு குளியல் தொட்டிக்கும் வந்தது. தகட்டைச் சூடாக்கி அச்சில் இழுத்து, பின்பக்கம் கண்ணாடி இழை பூசிப் பலப்படுத்துவார்கள்.

அப்ப எங்கட ஆக்கள் சுடுதண்ணியே அறியாதவையா? கன்னியாவில் பக்கத்துப் பக்கத்தில ஏழு வெந்நீர்க் கிணறு. ஒவ்வொண்டிலயும் ஒவ்வொரு சூடு. இராவணன் தன் தாயின் கிரியைக்காக உண்டாக்கினான் என்று ஐதீகம். இண்டைக்கும் அந்தியேட்டி முடிக்க அங்க போவினம். ஆனா அங்க ஒருத்தரும் கிணத்துக்குள்ள படுக்கிறதில்லை. வாளியால அள்ளித் தலையில ஊத்துறதுதான். கிணத்தடியில குறுக்குக்கட்டோட நிண்டு குளிச்ச அம்மாமாரின்ட பழக்கமும் அதுதான். எங்கட குளியல் ஊத்துற குளியல், ஊறுற குளியல் இல்லை.

பிளாஸ்டிக் எங்கட குளியலறைக்குள்ள வந்ததும் வாளியாகத்தான். முந்தி நாகத்தகட்டு வாளி, அடி துருப்பிடிச்சா ஈயம் வைச்சு ஒட்டுறது. பிறகு மெல்ல மெல்லப் பிளாஸ்டிக். 2004 டிசம்பர் 26 சுனாமி கரையோரக் கிணறுகளை உப்பாக்கிய பிறகு, நிவாரணமா வந்த வாளியும் பேசினும் கறுப்புத் தண்ணித் தாங்கியும் எல்லாமே பிளாஸ்டிக். 2006இல் மூதூர், சம்பூர்ப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்த சனத்துக்கும் முகாமில கிடைச்சது அதுதான். இரும்புத் தொட்டி வெள்ளைக்காரனோட வந்தது. பிளாஸ்டிக் எங்கட அழிவுகளோட வந்தது.

இவ்வளவும் சொல்லி முடிய அப்பா கேட்டார்: "சரி, எது வாங்கிறது? சீனன்குடாவில 99 குதம் இண்டைக்கும் உப்புக்காத்தில நிக்குதே. ஸ்டீல் எண்டா அதுதானே?"

அந்தக் குதம் ஒவ்வொண்டும் ஏறக்குறைய 12,000 தொன் கொள்ளும், தடிச்ச தகடு. குளியல் தொட்டியின்ட தகடு சில மில்லிமீற்றர்தான். எனாமல் முழுசா இருக்கிறவரை அதுக்குச் சாவில்லை. கீறாது, நிறம் மாறாது. ஆனா பாரமான சாமான் ஒண்டு விழுந்து ஒரு இடம் சிதறினா, அதுக்குள்ளால துரு புகுந்திடும். நாங்கள் இருக்கிறது உவர்மலை. உவர் எண்டாலே உப்பு; யன்னல் கம்பியே ரெண்டு வருசத்தில பொரிஞ்சு போகுது. அக்ரிலிக் துருப்பிடிக்காது, மாடிக்கு ரெண்டு பேர் லேசாத் தூக்கலாம். ஆனா கெதியாக் கீறல் விழும். அடியில சரியாத் தாங்கு குடுக்காட்டி நெளியும், வெடிக்கும். தொட்டிதான் வேணும் எண்டா எங்கட ஊருக்கு அக்ரிலிக். தம்பி வெண்டான்.

அப்பதான் அம்மா கேட்டா: "குளிக்கப்போறவவிட்ட ஆராவது கேட்டீங்களே?"

ஒருத்தரும் கேக்கேல்ல. அம்மம்மாவுக்கு எண்பது தாண்டிட்டுது, ரெண்டு முழங்காலும் ஏலாது. பெரும்பாலான தொட்டியின்ட விளிம்பு ஒண்டரை அடி மட்டில. ஈரக்காலோட அதைக் கடந்து ஏறி, வழுக்கிற தரையில படுத்து, பிறகு எழும்ப வேணும். தொட்டி நிரம்ப 150 லீற்றருக்குக் குறையாத தண்ணி. அவவுக்கு ரெண்டு வாளி காணும்.

நான் போய்க் கேட்டன். அம்மம்மா சிரிச்சா. வெள்ளைக்காரன் போகேக்க அந்தப் பங்களாத் தொட்டியை அவவின்ட அப்பா ஆரிட்டயோ வாங்கி வண்டியில ஏத்தி வீட்டுக்குக் கொண்டுவந்தவராம். தண்ணி நிரப்ப ஆருக்கு நேரம்? கொல்லைப்பக்கம் வைச்சு மாட்டுக்குத் தண்ணி காட்டினவை. "மாடு குடிச்ச தொட்டிக்குள்ள நான் படுக்கிறதே? எனக்கு இருந்து குளிக்க ஒரு கட்டுக் கட்டித் தாங்கோடி."

கட்டினோம். சுவரோட சீமெந்துக் கட்டு, சொரசொரப்பான தரை ஓடு, கதவடியில படி இல்லை. பிடிச்சு எழும்பச் சுவரில ஒரு ஸ்டீல் கம்பி. மேசனிட்ட 316 ரகம்தான் வேணும் எண்டு சொன்னோம், சாதாரண 304 கடல்காத்துக்கு மண்ணிறமாப் போகும். பக்கத்தில ஒரு பிளாஸ்டிக் வாளியும் கோப்பையும். அப்பாவும் தம்பியும் சமம்.

மாமாவுக்கு வீடியோக் கோலில காட்டினம். கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். எனக்கு அந்தரமாப் போச்சு, அவரின்ட காசல்லோ. பிறகு கமராவைத் தன்ட குளியலறைப் பக்கம் திருப்பினார். வெள்ளைத் தொட்டி. அதுக்குள்ள ஒரு நீலப் பிளாஸ்டிக் வாளி, கோப்பையோட.

"இருபது வருசம்," எண்டார். "நானும் ஒருநாளும் படுத்துக் குளிச்சதில்லை."