பதிப்புரிமை

‘பதி’ என்ற வினைக்கு இரண்டு முகங்கள். மண்ணில் கால் தானாகப் பதிந்தால் அது பதிவு. நாம் அழுத்திப் பதித்தால் பதிப்பு. அச்சு எழுத்தைத் தாளில் அழுத்திய காலத்துச் சொல் இது. புத்தகப் பதிப்பிலிருந்து பதிப்பாளரும் பதிப்பகமும் வந்தன, பதிப்புரிமையும் வந்தது. இன்று தாளே இல்லாத வீடியோவுக்கும் அதே சொல்தான்.

பலர் இதைக் ‘காப்புரிமை’ என்று எழுதுகிறார்கள். அது கண்டுபிடிப்புக்கு உரியது. ‘காப்பிரைட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் ‘காப்பி’ காதில் விழுவதால் வந்த குழப்பமோ என்னவோ!

வேடிக்கை, இணையத்தில் வீடியோவை ஏற்றுவதையும் ‘பதிவேற்றம்’ என்கிறோம். ஆக, ஏற்றுபவருக்கும் உரிமையாளருக்கும் நடக்கும் சண்டை ஒரே வேர்ச்சொல்லின் பங்காளிச் சண்டை. 2007இல் வயாகாம் என்ற அமெரிக்க ஊடக நிறுவனம், தன் நிகழ்ச்சிகளின் துண்டுகள் அனுமதியின்றி ஏறியிருப்பதாக யூடியூப் மீது நியூயார்க்கில் வழக்குப் போட்டு 100 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு கேட்டது. பயனர் ஏற்றியதை, உரிமையாளர் புகார் சொன்னதும் நீக்கிவிடும் தளத்துக்கு அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சட்டம் தரும் பாதுகாப்பே யூடியூபின் கேடயம். மேல்முறையீடுகள் கடந்து 2014இல் இரு தரப்பும் சமரசமாயின. அதற்குள் யூடியூப், ஒவ்வொரு படைப்புக்கும் கைரேகைபோல் ஓர் அடையாளம் எடுத்து, புதிதாக ஏறுவதை அதோடு ஒப்பிடும் ‘கன்டென்ட் ஐடி’ முறையைக் கொண்டுவந்திருந்தது. கைரேகையையும் நாம் பதியத்தான் செய்கிறோம்.