மூளைக்குள் போக வழி தெரிந்த மருந்து



நம் வட்டத்தில் சில வீடுகளில் பெரியவர்கள் நடுக்குவாதத்துக்கு, அதாவது பார்க்கின்சன் நோய்க்கு, மாத்திரை சாப்பிடுகிறார்கள். "ஒரு வேளை மாத்திரை நன்றாகக் கேட்கிறது, இன்னொரு வேளை கேட்கவே இல்லையே ஐயா" என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. அதற்குப் பதில் ஒரு பழைய வரலாற்றில் இருக்கிறது. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

செல் படம் வரைந்து, வெளிக்கோட்டுக்குச் 'செல் சவ்வு' என்று பெயர் எழுதுவீர்களே, நினைவிருக்கிறதா? அது இரண்டு அடுக்குக் கொழுப்பால் ஆன மெல்லிய படலம். கொழுப்பில் கரையும் பொருள் அதில் எளிதாக ஊடுருவிவிடும். நீரில் கரையும் பொருள் பலவற்றுக்கும், சவ்வில் பதிந்திருக்கும் புரதங்கள் வழிவிட்டால்தான் உண்டு.

மூளையில் இந்தக் காவல் இன்னும் கடுமையானது. 1913-இல் ஜெர்மனியில் எட்வின் கோல்ட்மான் விலங்குகளின் ரத்தத்தில் ஒரு நீலச் சாயத்தைச் செலுத்தினார். மற்ற உறுப்புகள் நீலமாயின, மூளையில் நிறம் ஏறவில்லை. அதே சாயத்தை மூளையைச் சூழ்ந்த நீரில் செலுத்தியபோது மூளை நீலமானது. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஒரு தடுப்பு இருப்பது புலப்பட்டது. மூளையின் நுண்குழாய்ச் சுவரில் செல்கள் இடைவெளியின்றி ஒட்டியிருப்பதே அந்தத் தடுப்பு என்பதைப் பிற்பாடு எலக்ட்ரான் நுண்ணோக்கி காட்டியது.

அடுத்த கட்டத்தில் நம் நாட்டு மூலிகை ஒன்று வருகிறது. சர்ப்பகந்தா வேரிலிருந்து 1952-இல் சுவிட்சர்லாந்தில் ரெசர்பின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். சுவீடனின் ஆர்விட் கார்ல்சன் அதை முயல்களுக்குக் கொடுத்தார். அவை காது தொங்கி, அசையாமல் கிடந்தன. 1957-இல் அவற்றுக்கு டோபா என்ற பொருளை ஊசியில் செலுத்தினார். சிறிது நேரத்தில் எழுந்து நடமாடின! மூளைக்குள் போன டோபா அங்கே டோபமினாக மாறியிருந்தது. இந்த ஆய்வுகளுக்காக அவருக்கு 2000-இல் நோபல் பரிசு கிடைத்தது.

1960-இல் வியன்னாவில் ஓலே ஹார்னிகீவிச், நடுக்குவாதத்தால் இறந்தவர்களின் மூளையில் டோபமின் மிகவும் குறைந்திருப்பதைக் கண்டறிந்தார். அப்படியானால் டோபமினையே கொடுத்துவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். டோபமினால் அந்தத் தடுப்பைக் கடக்க முடியாது. டோபாவோ ஓர் அமினோ அமிலம். உணவிலுள்ள அமினோ அமிலங்களை ஏற்றிச் செல்லும் புரதம் அதையும் தன் இனமாக எண்ணி உள்ளே கொண்டுபோய் விடுகிறது. 1967-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்சியாஸ், அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டி அதை வாய்வழியாகவே கொடுத்து நல்ல பலன் கண்டார். இன்று நாம் வாங்கும் மாத்திரையில் இருப்பது லெவோடோபா. பெரும்பாலும் அதோடு கார்பிடோபாவும் சேர்ந்திருக்கும். மூளைக்குப் போகும் முன்பே வெளியில் லெவோடோபா வீணாகாமல் அது காக்கிறது.

இப்போது கேள்விக்கு வருவோம். பருப்பு, பால், முட்டை, கறி சாப்பிட்டால் அவற்றின் அமினோ அமிலங்களும் அதே வழியில்தான் போயாக வேண்டும். குடலிலும் நெரிசல், மூளை வாசலிலும் நெரிசல். 1984-இல் ஜான் நட் குழுவினர் லெவோடோபாவை நரம்பு வழியாகத் தொடர்ந்து செலுத்திப் பார்த்தார்கள். ரத்தத்தில் மருந்து குறையாமல் இருந்தும், புரதம் மிகுந்த உணவுக்குப் பின் அதன் பலன் மறைந்தது.

ஆகவே மாத்திரை கேட்கவில்லை என்றால், 'நோய் முற்றிவிட்டது' என்று உடனே மனம் உடையாதீர்கள். பெரியவர் மாத்திரை போட்ட நேரம், சாப்பிட்ட நேரம், என்ன சாப்பிட்டார், எப்போது விறைப்பு வந்தது என்று ஒரு வாரம் நோட்டில் குறித்து மருத்துவரிடம் காட்டுங்கள். பலருக்கு உணவுக்கு அரை மணி முன்னால் போடச் சொல்வார்கள். குமட்டல் உள்ளவர்களுக்கு வேறு மாதிரி சொல்லக்கூடும். நீங்களாக மாத்திரையை நிறுத்தவோ, பருப்பையும் பாலையும் விலக்கவோ வேண்டாம். வயதானவர்களுக்குப் புரதமும் அவசியம்.

வீட்டில் பெரியவர்கள் இருக்கும் நண்பர்களுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். எல்லோரும் நலமாக இருங்கள்.