வாயசைப்பு பிறந்த கதை

சினிமாவில் நடிகர் பாடுவதில்லை, வாயைத்தான் அசைக்கிறார் என்பது இன்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பாட வராதவருக்குப் பாடத் தெரிந்தவர் குரல் கொடுத்தார் என்று அதைக் குரலின் கதையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். எனக்கென்னவோ அது கேமராவுக்கு விடுதலை கிடைத்த கதையாகத்தான் படுகிறது.

1931-இல் பம்பாயில் அர்தேஷிர் இரானி ‘ஆலம் ஆரா’வை எடுத்தபோது படப்பிடிப்பு பெரும்பாலும் நள்ளிரவுக்கு மேல்தான் நடந்தது. ஸ்டுடியோவுக்குப் பக்கத்திலேயே ரயில் பாதை. பகலில் வண்டிச் சத்தமும் பதிவாகிவிடும். நடிகர் பாட, வாத்தியக்காரர்கள் கேமராவின் கண்ணில் படாமல் ஒளிந்திருந்து வாசிப்பார்கள். அதே ஆண்டு இரானியின் தயாரிப்பிலேயே டி.பி. ராஜலட்சுமி நடித்த ‘காளிதாஸ்’ வந்தது. நம் தமிழ்ப் பேசும் படமும் இப்படித்தான் பாடத் தொடங்கியது.

பாட்டும் படமும் ஒரே மூச்சில் பதிவாக வேண்டும். கடைசிச் சரணத்தில் தபலா பிசகினாலும் பல்லவியிலிருந்து மறுபடி பாட வேண்டும். கேமராவின் இயந்திரச் சத்தம் மைக்கில் விழாதபடி அதை மூடிக்கட்ட வேண்டும். பாடுகிறவர் மைக்கை விட்டு விலக முடியாது. நடுவில் நிறுத்திக் கேமராவை இடம் மாற்றி, குளோசப் எடுத்து ஒட்டலாம் என்றால் சுருதியும் தாளமும் ஒட்டாது. ஆளும் கேமராவும் நட்டுவைத்த கம்பமாக நின்றதற்கு இதுதான் காரணம்.

இதற்கு ஹாலிவுட்டில் 1929-லேயே ஒரு வழி பிறந்திருந்தது. எம்.ஜி.எம். எடுத்த ‘தி பிராட்வே மெலடி’யில் ஒரு நடனக் காட்சி தயாரிப்பாளர் இர்விங் தால்பெர்குக்குப் பிடிக்கவில்லை, திரும்ப எடுக்கச் சொன்னார். ஒலிப்பதிவுப் பொறுப்பிலிருந்த டக்ளஸ் ஷியரருக்கு ஒரு யோசனை: குறை படத்தில்தான், ஒலியில் இல்லையே! பதிவான இசையை ஒலிபெருக்கியில் போட்டு, அதற்கு ஆடவைத்துப் படத்தை மட்டும் எடுத்தார்கள்.

இந்தியாவில் அந்த வழியைத் திறந்தது கல்கத்தா நியூ தியேட்டர்ஸ். 1935-இல் நிதின் போஸ் இயக்கிய ‘பாக்ய சக்ரா’, அதன் இந்தி வடிவமான ‘தூப் சாவ்ன்’ இரண்டிலும் பாட்டை முதலில் பதிவுசெய்து பிறகு படமெடுத்தார்கள். இசை ஆர்.சி. போரால், ஒலிப்பதிவு நிதினின் சகோதரர் முகுல் போஸ். பங்கஜ் மல்லிக் இசைத்தட்டோடு சேர்ந்து பாடியதைப் பார்த்துத்தான் நிதினுக்கு இந்த யோசனை உதித்ததாக ஒரு கதை உண்டு. கேட்க எளிதாகத் தெரிந்தாலும், கேமரா நொடிக்கு 24 பிரேம் என்று ஓடும்போது பாட்டும் வேகம் மாறாமல் ஓடியாக வேண்டும். கொஞ்சம் பிசகினால் உதடு ஒரு சொல்லில் இருக்கும், பாட்டு அடுத்த சொல்லுக்குப் போயிருக்கும்.

தமிழில் 1938-இல் ‘நந்தகுமார்’ படத்துக்காக ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் லலிதா வெங்கட்ராமனைப் பின்னணி பாடவைத்தார். அதைவிட என்னை வியக்கவைப்பது, 1945-இல் ‘ஸ்ரீவள்ளி’யில் அவர் செய்தது. வள்ளியாக நடித்த ருக்மிணியே பாடி, படம் எடுத்து முடிந்தாயிற்று. பாட்டு செட்டியாருக்குத் திருப்தி தரவில்லை. பி.ஏ. பெரியநாயகியை வரவழைத்து, ருக்மிணியின் வாயசைப்புக்கு ஏற்பப் பாடவைத்துக் குரலை மாற்றினார். பாட்டுக்கு வாயசைப்பதே கடினம். இங்கே ஏற்கெனவே அசைந்து முடிந்த வாய்க்கு ஒருவர் பாட வேண்டும். வேறொருத்தி மூச்சு விட்ட இடத்தில்தான் பெரியநாயகியும் மூச்சு விட்டாக வேண்டும். தமிழ் சினிமாவின் ஒலி வரலாற்றில் இதற்குரிய இடத்தை நாம் இன்னும் கொடுக்கவில்லை.

பாடவும் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை நடிகரை விட்டு நீங்கியது. 1952-இல் ‘பராசக்தி’யில் சிவாஜி நடித்தார், சி.எஸ். ஜெயராமன் பாடினார். 1954-இல் டி.எம். சௌந்தரராஜனின் குரல் ‘தூக்குத் தூக்கி’யில் சிவாஜிக்கும் ‘மலைக்கள்ள’னில் எம்.ஜி.ஆருக்கும் பொருந்தியது. கேமராவோ தோப்புக்கும் ஆற்றங்கரைக்கும் கிளம்பிவிட்டது. அங்கே காற்று எவ்வளவு இரைந்தாலும் பாட்டுக்குச் சேதமில்லை.

சினிமா எப்படி எடுக்கிறார்கள் என்று கற்க விரும்புகிறவர்கள் ஒரு பழைய பாட்டுக் காட்சியை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். ஷாட் எத்தனை முறை மாறுகிறது, எந்த வரியில் கேமரா நகர்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒலியோடு பாருங்கள்.