வண்டி போச்சு... பெயர் போகலை!

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். பழைய பைக் வாங்க வருகிறவருக்கு இதைவிட நல்ல பரீட்சை ஹால் கிடைக்காது! ஏறும்போது கிளட்ச்சின் வயசு தெரிந்துவிடும். இறங்கும்போது பிரேக்கின் வண்டவாளம் தெரிந்துவிடும். வளைவில் ஹேண்டில் இடறினால் கோன் செட் போச்சு என்று அர்த்தம்.

ஏற்காட்டில் எனக்கு ஒரு நண்பர் உண்டு. கொஞ்சம் காபி, சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக் கொடி, அறுபதைத் தாண்டிய வயசு. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் வைத்திருந்தார். 411 சிசி. 'முழங்கால் சொல்பேச்சு கேட்கலை' என்று விற்க முடிவு செய்திருந்தார். நான் போயிருந்த நாளில் சேலத்திலிருந்து ஓர் இளைஞர் வண்டி பார்க்க வந்தார்.

பையன் விவரமானவன். வந்ததும் முதல் வேலையாக என்ஜினைத் தொட்டுப் பார்த்தான். சில்லென்று இருந்தது. முன்கூட்டியே சூடு பண்ணி வைத்திருந்தால் ஸ்டார்ட்டிங் தொல்லையெல்லாம் மறைந்துவிடுமே! நண்பர் சிரித்துக்கொண்டே, "ஒரு தடவை சேத்துல வழுக்கி விழுந்திருக்கு தம்பி, இடது பக்கம் கீறல் பாருங்க" என்று அவரே காட்டினார். மலையைச் சுற்றி ஒரு ரவுண்டு. அரை மணி நேரப் பேரம். விலை படிந்தது. காபி வந்தது.

அப்போதுதான் பையன் சாதாரணமாக அந்த வார்த்தையைச் சொன்னான்: "ஃபாரத்துல கையெழுத்து மட்டும் போட்டுக் குடுத்துருங்கண்ணா. பேரை நான் மெதுவா மாத்திக்கறேன்."

நண்பரின் முகம் மாறிவிட்டது. காபி டம்ளரைக் கீழே வைத்தார். "அப்படீன்னா வண்டி வேண்டாம் தம்பி. எடுத்துட்டுப் போக முடியாது" என்றார்.

எனக்கே தூக்கிவாரிப்போட்டது. கைக்கு வந்த பணத்தை ஏன் இந்த மனுஷர் தள்ளிவிடுகிறார்? அதற்குப் பதில் சொல்ல, நாம் கொஞ்சம் பின்னோக்கிப் போய்வர வேண்டும்.

முதலில் இந்த வண்டியின் குலம், கோத்திரம்.

சரித்திரத்தின் பிரபலமான 'பழைய பைக்' பயணம் 1952-ல் நடந்தது. அர்ஜென்டினாவின் மருத்துவ மாணவர் ஒருவர், நண்பர் ஆல்பர்ட்டோ கிரனாடோவோடு ஒரு பழைய 500 சிசி நார்ட்டன் பைக்கில் தென் அமெரிக்காவைச் சுற்றக் கிளம்பினார். வண்டிக்கு அவர்கள் வைத்த செல்லப் பெயருக்கு 'வலிமை மிக்கவள்' என்று பொருள். பாவம், வலிமை சிலியோடு தீர்ந்துபோனது! மீதிப் பயணம் லாரி, கப்பல், கால்நடை. அந்த மாணவர்தான் பிற்பாடு உலகம் அறிந்த சே குவேரா.

மலை, மண், தார் ரோடு எல்லாவற்றுக்கும் ஒரே வண்டி என்ற எண்ணத்துக்குத் தொழிற்சாலையில் உருவம் கொடுத்த பெருமை ஜெர்மனியின் பிஎம்டபிள்யூவுக்கு உண்டு. 1980-ல் அவர்களின் 'ஆர் 80 ஜி/எஸ்' வந்தது. ஜி என்றால் காடு மேடு, எஸ் என்றால் சாலை. மறு வருஷமே ஊபேர் ஓரியோல் என்ற பிரெஞ்சுக்காரர் பிஎம்டபிள்யூவில் பாரீஸ் - டக்கார் பந்தயத்தை ஜெயித்தார். 'அட்வெஞ்சர் பைக்' என்ற ஜாதி பிறந்துவிட்டது. ஆனால் விலையும் எடையும்? யானை வாங்கிக் கட்டித் தீனி போடுகிற கதை! நடுத்தர வர்க்கத்துக்கு நடுத்தர சைஸில் ஒன்று வேண்டுமே... அப்படி 2016-ல் வந்ததுதான் ஹிமாலயன். முன் சக்கரம் 21 அங்குலம், தரைக்கும் வயிற்றுக்கும் நடுவே 220 மில்லிமீட்டர் இடைவெளி, பதினைந்து லிட்டர் டேங்க். பெயர்தான் இமயமலை. பிறந்தது நம்ம சென்னைப் பக்கம்!

இதில் ஒரு வேடிக்கை. ராயல் என்ஃபீல்டின் இந்தியச் சரித்திரமே ஒரு வகையில் 'கைமாறிய' சரித்திரம்தான். 1949-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கம்பெனி இங்கிலாந்திலிருந்து புல்லட்டை வரவழைத்து விற்றது. ஐம்பதுகளில் எல்லைக் காவலுக்கு ராணுவம் புல்லட் கேட்டது. 1955-ல் என்ஃபீல்டு இந்தியா உருவாகி, திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. ஆரம்பத்தில் பாகங்கள் ரெட்டிச் நகரிலிருந்து வந்தன, இங்கே பூட்டினார்கள். அப்புறம் பாகங்களைத் தயாரிக்கும் கருவிகளையே ஆங்கிலேயர்கள் விற்றுவிட்டார்கள். அறுபதுகளின் தொடக்கத்தில் முழு வண்டியும் சென்னையிலேயே தயாரானது. விற்றவர்கள் என்ன ஆனார்கள்? 1967-ல் ரெட்டிச் தொழிற்சாலை மூடப்பட்டது. கொஞ்ச காலத்தில் அங்கே கம்பெனியே இல்லை. வாங்கியவர்களோ 1977-ல் அதே புல்லட்டைக் கப்பலேற்றி இங்கிலாந்துக்கே அனுப்பினார்கள்!

பழசை வாங்குவதில் கேவலமே இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

தவிர, புதுசு கிடைத்தால்தானே வாங்க! லைசென்ஸ் - பர்மிட் காலத்தில் ஸ்கூட்டர் வினியோகத்தையே அரசாங்கம் கட்டுப்படுத்தியது. 1960-ல் அதற்கென்றே தனி ஆணை போட்டார்கள். பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருந்தார்கள் மக்கள். 'புக்' பண்ணும்போது பிரம்மசாரி, வண்டி வரும்போது இரண்டு பிள்ளைக்குத் தகப்பன்! அதனால் ஒரு வினோதம்: புது வண்டியின் விலையைவிட ஓட்டிய வண்டியின் விலை அதிகம். எண்பதுகளின் நடுவில்தான் கதவு திறந்தது. ஓசூரிலிருந்து இண்ட்-சுசுகி, பிறகு ஹீரோ ஹோண்டா, யமஹா ஆர்எக்ஸ் 100 என்று ஜப்பான் கூட்டணிகள் வரிசை கட்டின.

அந்தத் தட்டுப்பாட்டுக் காலம் நமக்கு இரண்டு பழக்கங்களைக் கற்றுக்கொடுத்தது. ஒன்று, வண்டியைக் கோயில் மாடு மாதிரி பராமரிப்பது. நல்ல பழக்கம். இரண்டாவது, பேப்பரை அலட்சியப்படுத்துவது. வண்டி கையில் இருந்தால் போதும், ஆர்.சி. புக்கில் யார் பெயர் இருந்தால் என்ன? விற்கிறவர் வெற்று ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டுத் தருவார். புரோக்கர் பாக்கெட்டில் வைத்துக்கொள்வார். அடுத்த கிராக்கி, அதற்கடுத்த கிராக்கி என்று வண்டி ஊர் ஊராகப் போகும். பெயர் மட்டும் பழைய வீட்டிலேயே உட்கார்ந்திருக்கும். இதற்கு 'ஓப்பன் டிரான்ஸ்ஃபர்' என்று கௌரவமான பெயர் வேறு!

யோசித்துப் பாருங்கள்... நிலத்தை இப்படி விற்போமா? 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காபிச் செடியைக் கொண்டுவந்தார். வெள்ளைக்காரர்கள் எஸ்டேட் போட்டார்கள். சுதந்திரத்தை ஒட்டிய வருஷங்களில் எஸ்டேட்டுகள் இந்தியர்களிடம் கைமாறின. பத்திரம் எழுதாமல், பதிவு பண்ணாமல் யாராவது ஒரு சென்ட் காபித் தோட்டம் வாங்கியிருப்பார்களா? நிலம் இருந்த இடத்திலேயே இருக்கும். அதற்கு அத்தனை ஜாக்கிரதை. ஊரெல்லாம் ஓடி, யார்மீதும் மோதக்கூடிய வண்டிக்கு மட்டும் 'மெதுவா மாத்திக்கலாம்'!

சட்டம் என்ன சொன்னது? 1914-ல் இந்தியா முழுமைக்குமான முதல் மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. அப்புறம் 1939 சட்டம். அதில் 'உரிமையாளர்' என்றால் யார் என்பதற்குத் தந்த விளக்கம், வண்டி வைத்திருப்பவர் மைனராக இருந்தால் என்ன, தவணையில் வாங்கிய வண்டியானால் என்ன என்று சில விஷயங்களைத்தான் பேசியது. பதிவேட்டில் பெயர் உள்ளவர்தான் உரிமையாளர் என்று அது சொல்லவில்லை. 1988-ல் புதுச் சட்டம். 1989 ஜூலை 1 முதல் அமல். அதில் ஒரே ஒரு வரியில் கதை மாறியது: எவர் பெயரில் வண்டி பதிவாகியிருக்கிறதோ, அவரே உரிமையாளர்.

ரொம்பச் சின்ன வரி. பலர் அதைக் கவனிக்கவே இல்லை. என் நண்பரும் கவனிக்கவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் அவர் தன் பழைய எஸ்டி பைக்கை விற்றார். மைசூர் ஐடியல் ஜாவா கம்பெனி 1996-ல் மூடப்பட்ட பிறகு உதிரி பாகத்துக்கு அலைய முடியாமல் எடுத்த முடிவு. ஒரு புரோக்கர் வந்தார். வெற்று ஃபாரத்தில் கையெழுத்து. பணம். முடிந்தது. வண்டியையே மறந்துவிட்டார்.

ஐந்து வருஷம் கழித்து ஒரு கவர் வந்தது. வேறொரு மாவட்டத்தின் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலிருந்து. அவர் பார்த்தேயிராத ஒருவர், அவர் போயேயிராத ஊரில், அந்த எஸ்டியால் ஒரு கூலித் தொழிலாளியின் காலை உடைத்திருக்கிறார். இன்ஷூரன்ஸ் இல்லை. ஓட்டியவர் கையில் காசு இல்லை. ஆர்.சி. புக்கில் மட்டும் ஒரு பெயர் இருந்தது. என் நண்பரின் பெயர்.

"நான் வித்துட்டேங்க" என்றார். "ரசீது?" என்றார்கள். இல்லை. "வாங்கினது யாரு?" தெரியாது. புரோக்கர்? ஊரிலேயே இல்லை. ஆறு வருஷம் வாய்தாவுக்கு அலைந்தார். கடைசியில் பணம் கட்டினார். வண்டி விற்று வந்ததைப்போல் பல மடங்கு. "கட்டினதுல வருத்தம் இல்லை. கால் போனவருக்கு யாராச்சும் குடுத்துத்தானே ஆகணும்? ஒரு கையெழுத்தை அலட்சியமா போட்டேனே, அதுதான்..." என்பார்.

அவர் மட்டுமா? இதே மாதிரி ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2009-ல் வட இந்தியாவில், பின்பக்கமாக எடுத்த ஒரு கார் மோதி ஒரு சிறுவன் இறந்துபோனான். அந்தக் கார் ஒருவரிடமிருந்து இன்னொருவர் என்று பல கை மாறியிருந்தது. பெயர் மட்டும் மாறவில்லை. பழைய உரிமையாளர் 'நான் 2007-லேயே விற்றுவிட்டேன்' என்றார். உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் அதை மாற்றியது. பதிவேட்டில் பெயர் உள்ளவரே பொறுப்பு. பாதிக்கப்பட்ட குடும்பம், பதிவாகாத விற்பனைகளின் வாலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராகத் தேடி அலைய வேண்டியதில்லை என்பது தீர்ப்பின் சாரம்.

கறாராகத் தெரியலாம். ஆனால் பையனைப் பறிகொடுத்த வீட்டின் திண்ணையில் உட்கார்ந்து யோசித்தால் நியாயம் புரியும்.

இனி ஏற்காட்டுக்குத் திரும்புவோம். காபி ஆறிக்கொண்டிருக்கிறது.

நண்பர் பையனிடம் பழைய எஸ்டியின் கதையைச் சொன்னார். பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. "சரிங்கண்ணா, என்ன பண்ணணும்னு சொல்லுங்க" என்றான். நண்பர் ஒரு ஃபைலையே தயாராக வைத்திருந்தார்! வங்கிக் கடன் தீர்ந்ததற்கான தடையில்லாச் சான்று. ஆர்.சி.யிலிருந்து வங்கியின் பெயரை நீக்க ஃபாரம் 35. விற்றவர் தகவல் தெரிவிக்கும் ஃபாரம் 29. பெயர் மாற்ற விண்ணப்பமான ஃபாரம் 30. எதுவும் வெற்று ஃபாரம் இல்லை. வாங்குகிறவர் பெயர், முகவரி, தேதி, எல்லாவற்றையும் எழுதிய பிறகே கையெழுத்து. ஒரே மாநிலத்துக்குள் என்றால், விற்றவர் 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். வாங்கியவருக்கு 30 நாட்கள். ஒப்படைத்த தேதி மட்டுமல்ல, மணி, நிமிஷம் வரை எழுதி இருவரும் கையெழுத்திட்ட ரசீது வேறு. 'நோ க்ளெய்ம் போனஸ்' வண்டியோடு போவதில்லை, அது ஓட்டியவரின் நல்ல பெயருக்குக் கிடைத்த பரிசு என்று தன் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடமும் எழுதி வாங்கப்போவதாகச் சொன்னார். இத்தனை வயசுக்கு மேல் இன்னொரு வண்டியா என்று நான் பார்த்தேன். "ஒரு ஸ்கூட்டராவது வேணும்ல?" என்றார்.

விலை விஷயத்திலும் பையனுக்கு நஷ்டமில்லை. 2023 நவம்பரில் 452 சிசி புது ஹிமாலயன் வந்ததும் பழைய 411 விடைபெற்றுவிட்டது. 2025 செப்டம்பர் 22 முதல், 350 சிசிக்கு மேற்பட்ட புது பைக்குகளுக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம். அதற்கு முன் வரியும் செஸ்ஸும் சேர்த்தே 31-தான். புதுசு எட்டாத உயரத்துக்குப் போகப்போக, நன்றாக வைத்திருந்த பழசுக்கு மவுசு கூடத்தானே செய்யும்?

இரண்டு நாள் கழித்து இருவரும் சேர்ந்தே ஆர்.டி.ஓ. அலுவலகம் போனார்கள். அதன் பிறகுதான் சாவி கைமாறியது.

சில வாரங்கள் கழித்து நண்பர் போன் செய்தார். புது ஆர்.சி. கார்டு தபாலில் பையன் வீட்டுக்கு வந்துவிட்டதாம். போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறான். உரிமையாளர் என்ற இடத்தில் அவன் பெயர்.

"வண்டி போனப்ப வராத தூக்கம் இன்னிக்குத்தான் வந்துச்சுங்க. இப்பத்தான் வித்தேன்!" என்றார்.

உங்கள் வீட்டிலும் எப்போதோ விற்ற ஒரு ஸ்கூட்டர், ஒரு மொபெட் இருந்திருக்குமே... அது இப்போது யார் பெயரில் ஓடிக்கொண்டிருக்கிறது?