எழுவான்கரையும் படுவான்கரையும்: ஆரையம்பதியில் ஸ்கூட்டரும் கியர் மோட்டார் சைக்கிளும்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளும் ஞாயிற்றின் போக்கினாற் பெயர் பெற்றவை. ஞாயிறு எழும் திசையிலுள்ளது எழுவான்கரை. அது படும் திசையிலுள்ளது படுவான்கரை. கல்லடிப் பாலத்தைக் கடந்து, காத்தான்குடிக்குத் தெற்கே, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான எழுவான்கரை நிலத்தில் அமைந்த ஊர் ஆரையம்பதி. இப்பகுதி மக்களின் அன்றாடப் பயணம் இரு திசைகளில் அமைந்தது. அலுவலகமும் வைத்தியசாலையும் பெருஞ்சந்தையும் வடக்கே நகரத்திலுள்ளன. நெல்வயல்களோ மேற்கே வாவிக்கு அப்பால் பரந்து கிடக்கின்றன. இவ்விரு திசைகளும் இருவேறு ஊர்திகளை வேண்டி நிற்கின்றன.

அன்றாடப் பாவனைக்குச் சிறந்தது சிறிய ஸ்கூட்டரா, கியர் உள்ள மோட்டார் சைக்கிளா என்ற வினா இன்று பல வீடுகளில் எழுகின்றது. விலை, எரிபொருட் செலவு என்பவற்றைக் கொண்டே பெரும்பாலும் விடை காணப்படுகின்றது. ஆயின் இவ்வூர்திகளின் வரலாற்றை நோக்குமிடத்து, அவ்வினாவினுள் வேறொரு வினா மறைந்திருத்தல் புலப்படும். எவருடைய பயணத்துக்காக எவ்வூர்தி ஆக்கப்பட்டது என்பதே அது.

ஜேர்மனியில் டைம்லர் 1885 ஆம் ஆண்டில் மரச்சட்டத்திற் பொறியைப் பூட்டி ஓட்டிய காலந்தொட்டு, மோட்டார் சைக்கிள் என்பது காலை அகட்டி ஏறி அமர வேண்டியதோர் ஊர்தியாகவே வளர்ந்தது. பொறி இரு கால்களுக்கும் இடையே இருந்தது. கியரையும் பின்சில்லுத் தடுப்பையும் கால்களே இயக்கின. காற்சட்டை அணிந்த ஆடவனையே அவ்வமைப்பு கருத்திற் கொண்டது என்பது வெளிப்படை. வேட்டி உடுத்த முதியவருக்கும் சேலை உடுத்த ஆசிரியைக்கும் அதில் இடமிருக்கவில்லை.

இக்குறையை நேராக எதிர்கொண்டது 1946 ஆம் ஆண்டில் இத்தாலியிற் பியாஜியோ நிறுவனம் வெளியிட்ட வெஸ்பா ஆகும். அதனை வடிவமைத்த கொறாடினோ டஸ்கானியோ விமானப் பொறியியலாளர். அவர் பொறியை உடையில் எண்ணெய் படாவண்ணம் பின்புறத்தில் மூடிவைத்தார். இருக்கைக்கு முன்னே கால்களை ஒருங்கே வைப்பதற்குத் தட்டு அமைத்தார். கியர் மாற்றும் செயலை இடக்கைப்பிடிக்குக் கொண்டுவந்தார். ஈண்டு ஒன்று குறிப்பிடத்தக்கது. முதல் வெஸ்பாவில் மூன்று கியர்கள் இருந்தன. கியர் இல்லாததே ஸ்கூட்டர் என்னும் இன்றைய எண்ணம் பிற்காலத்தது. ஸ்கூட்டரின் அடிப்படை கியரின்மை அன்று. ஏறுதலின் எளிமையே ஆகும்.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஊர்தியொன்றை 1958 ஆம் ஆண்டில் யப்பான் உருவாக்கியது. அதுவே ஹொண்டா சுப்பர் கப். அதற்குக் கால் கியர் உண்டு. கைக் கிளச் இல்லை. ஸ்கூட்டரைப் போன்று எளிதில் ஏறலாம். சில்லுகளோ மோட்டார் சைக்கிளினவை போன்று 17 அங்குல விட்டமுடையவை. 2017 ஆம் ஆண்டளவில் இவ்வகை ஊர்திகளின் மொத்த உற்பத்தி பத்துக் கோடியை எட்டியது.

இலங்கையில் 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுக்கமாக இருந்தன. துவிச்சக்கரவண்டியும் மாட்டுவண்டியும் பேருந்துமே கிராமத்தவர்க்குப் பெருந்துணையாயின. 1977 ஆம் ஆண்டிற் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் யப்பானியச் சிறு மோட்டார் சைக்கிள்கள் பெருமளவில் வந்துசேர்ந்தன. ஹொண்டா 50, சி 90 என்பனவும், யப்பானிய அஞ்சற் சேவையிற் பயன்பட்டுப் பின் இங்கு வந்த எம்.டி. 90 உம் நாடெங்கும் பழகிய பெயர்களாயின. குறைந்த எரிபொருளில் நெடுந்தூரம் ஓடுதலும், பெரிய சில்லுகளால் மணலையும் குழியையும் தாங்குதலும் அவற்றின் சிறப்புகள்.

எனினும் ஊர்தியின் எல்லையை ஊர்தி மட்டும் தீர்மானிப்பதில்லை. மண்முனையில் வாவியைக் கடப்பதற்கு நெடுங்காலம் 'பாதை'யே துணையாயிற்று. மட்டக்களப்பு வழக்கில் 'பாதை' எனப்படுவது ஆட்களையும் ஊர்திகளையும் ஏற்றிக் கடக்கும் மிதவையாகும். 1990 ஆம் ஆண்டு யூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டபின், 2007 ஆம் ஆண்டுவரை படுவான்கரையின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலும், எழுவான்கரை அரச படைகளின் கட்டுப்பாட்டிலும் இருந்தன. வாவி ஓர் எல்லைக்கோடாயிற்று. எவ்வகை ஊர்தியை வைத்திருப்பினும், கரையைக் கடக்கும் உரிமையே முதற்கேள்வியாக நின்ற காலம் அது.

போர் 2009 ஆம் ஆண்டில் முடிவுற்றது. 2013 ஆம் ஆண்டிற் கல்லடியில் புதிய பாலமும், 2014 ஆம் ஆண்டில் யப்பானிய உதவியுடன் மண்முனைப் பாலமும் திறக்கப்பட்டன. மண்முனைப் பாலத்தின் வழியே ஆரையம்பதிப் பக்கத்திலிருந்து கொக்கட்டிச்சோலைக்குத் தரைவழியாகவே செல்லும் வாய்ப்பு உண்டாயிற்று. பாதைக்குக் காத்திருந்த நேரம் பயணக் கணக்கினின்றும் நீங்கியது. இக்காலத்திலேயே இந்தியாவில் உற்பத்தியான கியரற்ற ஸ்கூட்டர்கள் இலங்கையின் தமிழ்ப் பகுதிகளில் மிகுதியாகப் பரவின. 1984 ஆம் ஆண்டிற் கைனெற்றிக் ஹொண்டா இந்தியாவிற் பரப்பத் தொடங்கிய தானியங்கி முறையின் வழிவந்தவை அவை. 'ஸ்கூட்டி' என்னும் ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயர் மக்கள் வழக்கில் அவ்வினம் முழுவதற்கும் பொதுப்பெயராயிற்று.

இப்பரவலுக்கு ஒரு காரணம் இயந்திர அமைப்பிலேயே உண்டு. கியரற்ற ஸ்கூட்டரில் இரு தடுப்புகளும் துவிச்சக்கரவண்டியிற் போன்று கைப்பிடிகளில் அமைந்துள்ளன. எனவே துவிச்சக்கரவண்டி ஓட்டிப் பழகிய பெண் புதிதாகக் கற்கவேண்டியது மிகச் சிறிதே. சேலையுடன் பாடசாலை செல்லும் ஆசிரியை தந்தையையோ கணவனையோ சகோதரனையோ எதிர்பாராது புறப்படும் நிலை இதனால் எளிதாயிற்று. பயண வசதி என்று மட்டும் இதனைக் கூறிவிடல் பொருந்தாது. எவரிடமும் கேளாது வீட்டுப் படலையைத் தாண்டும் உரிமை அது.

ஆயினும் கியர் மோட்டார் சைக்கிளின் சிறப்பு குறைந்துவிடவில்லை. ஸ்கூட்டரின் சில்லு பெரும்பாலும் 10 அல்லது 12 அங்குல விட்டமுடையது. மோட்டார் சைக்கிளினது 17 அல்லது 18 அங்குலம். சிறு சில்லு குழியில் ஆழ இறங்கும், மணலிற் புதையும். ஸ்கூட்டரில் ஒரு வார்ப்பட்டி, விரிந்து சுருங்கும் இரு கப்பிகளுக்கிடையே ஓடி வேகவிகிதத்தைத் தானே மாற்றுகின்றது. அவ்வுராய்விற் சக்தியின் ஒரு பங்கு வெப்பமாக வீணாகும். மாரியிற் சேறாகும் வயற்பாதையில், நெல்மூட்டையுடன் மெல்ல ஏறுவதற்கு முதற் கியரின் இழுவையும் சங்கிலியின் நேரடித் தொடர்பும் வேண்டும். தார்வீதியிற் சந்தைப் பையையும் பிள்ளையின் புத்தகப் பையையும் சுமப்பதற்கோ ஸ்கூட்டரின் கால்தட்டே போதும்.

எரிபொருள் நெருக்கடி இவ்வேறுபாட்டை வெளிச்சமாக்கியது. 2022 ஆம் ஆண்டில் எரிபொருள் அனுமதி முறை நடைமுறைக்கு வந்தபோது, மோட்டார் சைக்கிள் ஒன்றுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோலே தொடக்கத்தில் ஒதுக்கப்பட்டது. ஸ்கூட்டருக்கும் அதே அளவு. லீற்றருக்கு ஒன்று 60 கிலோமீற்றரும் மற்றொன்று 45 கிலோமீற்றரும் ஓடுவதாகக் கொள்ளின், வாரப் பயணம் முறையே 240, 180 கிலோமீற்றர் ஆகும். படுவான்கரைப் பாடசாலைக்கு நாள்தோறும் சென்று திரும்புபவர்க்கு இந்த 60 கிலோமீற்றர் வேறுபாடு ஒருநாட் கடமையையோ இருநாட் கடமையையோ குறித்தது.

ஆகவே எவ்வூர்தி சிறந்தது என்பதற்கு ஒரே விடை கூறுதல் வரலாற்றுக்கு ஒவ்வாது. வயலுக்குச் செல்லும் வழி கியர் மோட்டார் சைக்கிளை வேண்டுகின்றது. பாடசாலைக்கும் அலுவலகத்துக்கும் செல்லும் வழி ஸ்கூட்டருக்கு இடங்கொடுக்கின்றது. செப்பனிடப்படும் ஒவ்வொரு வீதியும், கட்டப்படும் ஒவ்வொரு பாலமும் சிறு சில்லின் எல்லையை மேற்கே நகர்த்துகின்றன. அவற்றுடன் அதனை ஓட்டும் பெண்ணின் எல்லையும் நகர்கின்றது. படுவான்கரையின் உள்வீதிகள் செப்பனிடப்படாதிருக்கும்வரை, அவ்வெல்லை தார் முடியும் இடத்திலேயே நின்றுவிடும்.