கிப்பன் ஆய்வு: சயாம் மலை முதல் பகாங் காடு வரை

கிப்பனைக் குரங்கு என்றே எழுதும் வழக்கம் நம்மிடையே உண்டு. ஆனால் அதற்கு வாலில்லை. மனிதக்குரங்குகளுக்கு நெருங்கிய உறவு அது. மலாய்மொழியில் உங்கா எனப்படும். கரிய நிறமும் பெரிய உடலும் கொண்ட வகை சியாமாங். மர உச்சியிலேயே வாழும் இவ்வுயிரை மனிதன் அறிந்துகொண்ட வரலாறு சுவையானது. சற்றே கசப்பும் கலந்தது.

1937ஆம் ஆண்டு, ஹெரால்டு கூலிட்ஜ் தலைமையில் அமெரிக்க ஆய்வுக்குழு ஒன்று வடசயாம் மலைக்காடுகளுக்குச் சென்றது. அங்கே இருவகைப் பணிகள் ஒருங்கே நடந்தன. உடற்கூற்று அறிஞர் அடால்ப் சூல்ட்ஸின் ஆய்வுக்கு எலும்புகள் தேவைப்பட்டன. இருநூறுக்கும் மேற்பட்ட கிப்பன்கள் சுடப்பட்டன. கிளாரன்ஸ் ரே கார்ப்பென்டரோ தொலைநோக்கியும் குறிப்பேடுமாக உயிருள்ள கிப்பன்களைப் பின்தொடர்ந்தார். ஆண், பெண், குட்டிகள் எனச் சிறு குடும்பமாக அவை வாழ்வதையும், கூவலால் தம் எல்லையை அறிவிப்பதையும் பதிவுசெய்து 1940இல் வெளியிட்டார்.

சுட்டது வீண் என்று ஒரேயடியாகத் தள்ளவும் இயலாது. வளர்ந்த கிப்பன்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கின் எலும்புகளில் முறிந்து கூடிய தழும்புகளைச் சூல்ட்ஸ் கண்டார். கிளைக்குக் கிளை தாவும் அக்கலைஞர்களும் கீழே விழுகின்றன! ஆயினும் ஓர் உண்மைக்கு அவ்வளவு விலை மிகையென்றே எனக்குத் தோன்றுகிறது.

பின்னர் உலகப்போர் வந்தது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலமும் மலாயாக் காடுகளில் அமைதியாக அமர்ந்து நோக்க இடந்தரவில்லை. 1968இல் இங்கிலாந்தைச் சேர்ந்த டேவிட் சீவர்ஸ் பகாங்கின் கிராவ் வனவிலங்குக் காப்பகத்திலுள்ள கோலா லோம்பாட்டில் சியாமாங் குடும்பங்களை நோக்கத் தொடங்கினார். விடியுமுன் உறங்குமரத்தடிக்குச் சென்று, அந்தி வரை அவற்றின் கீழே நடந்து, உண்ட கனியையும் கடந்த மரத்தையும் குறிக்கும் பணி அது. மனிதனைக் கண்டு அவை ஓடாதிருக்கப் பழகவே பல மாதங்கள் ஆகும். அப்பொறுமையின் பயனாகத்தான், இரண்டாம் வயதில் குட்டியைத் தந்தை சுமக்கிறது என்னும் செய்தி உலகுக்குத் தெரிந்தது. எலும்புப் பெட்டி இதைச் சொல்லியிராது.

காலம் நீள நீள, முன்பு உறுதியென நம்பியவையும் மாறின. கிப்பன் வாழ்நாள் முழுதும் ஒரே துணையுடன் வாழும் என்று நெடுங்காலம் எழுதப்பட்டது. 1990களில் சுமத்திராவின் கெத்தாம்பேயிலும் தாய்லாந்தின் காவோ யாயிலும் நடந்த ஆய்வுகள், துணை மாறுதலும் அயலாருடன் கூடுதலும் உண்டெனக் காட்டின. குடும்பங்களைத் தனித்தனியே அடையாளம் கண்டு, பல ஆண்டுகள் விடாது தொடர்ந்ததால் கிட்டிய அறிவு இது. நடுவில் காடு வெட்டப்பட்டிருந்தால் பழைய நம்பிக்கையே பாடநூலில் நிலைத்திருக்கும்.

கூலிட்ஜின் பிற்கால வாழ்வு வியப்பூட்டுவது. 1966 முதல் 1972 வரை பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் தலைவராக இருந்தவர் அவரே. அவ்வொன்றியத்தின் செம்பட்டியலில் இன்று சியாமாங்கும் வெண்கைக் கிப்பனும் அழியும் நிலையிலுள்ள இனங்களாக இடம்பெற்றுள்ளன. பெண் கிப்பன் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையே ஒரு குட்டியை ஈனுவதால், இழந்த தொகை எளிதில் மீள்வதில்லை.

இப்பொழுது கணக்கெடுப்புக்குத் துப்பாக்கி வேண்டியதில்லை, செவி போதும். விடியலில் இரண்டு மூன்று மேடுகளில் ஆய்வாளர்கள் தனித்தனியே அமர்ந்து, கூவல் வரும் திசையைத் திசைகாட்டியால் குறிப்பர். அக்கோடுகள் வரைபடத்தில் சந்திக்கும் இடத்தில் ஒரு குடும்பம் இருப்பதாகக் கொள்வர். மழைநாளில் கிப்பன்கள் பெரும்பாலும் கூவுவதில்லை. ஆதலால் ஒரே மேட்டில் பல விடியல்கள் காத்திருக்க வேண்டியிருக்கிறது.